முட்டம் கரையில் மணல் ஏன் கறுப்பு?

குடும்பத்தோடு குமரிமாவட்டத்து முட்டம் போயிருக்கிறீர்கள். கலங்கரை விளக்கத்துக்குக் கீழே பெரிய பெரிய பாறைகள், பின்னால் மழைநீர் அறுத்த செம்மண் மேடு, சற்றுத் தள்ளிக் கரையில் கறுப்பு மணல். திரும்பும் வழியில் மணவாளக்குறிச்சியில் கனிமம் பிரிக்கும் மணல் ஆலையையும் பார்த்திருக்கிறீர்கள். "இந்தக் கறுப்பு ஆலைக் கழிவா? பாறைக்கும் செம்மண்ணுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கவலை கடிதத்தின் கடைசி வரியில்தான் இருக்கிறது: உங்கள் மகள் அந்த மணலைத் தண்ணீர் பாட்டிலில் அள்ளி வந்து அலமாரியில் வைத்திருக்கிறாள், யாரோ ஒருவர் அதில் கதிரியக்கம் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

முதலில் நேரான பதில். அந்தக் கறுப்பு ஆலையால் வந்ததில்லை. மணல் அங்கே பல்லாயிரம் ஆண்டுகளாக இருக்கிறது. ஆலைதான் அதைத் தேடி வந்தது, அதுவும் நூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன்புதான். கதிரியக்கம் இருப்பது உண்மை. ஒரு மாலைப்பொழுது அந்தக் கரையில் விளையாடியதால் பிள்ளைக்குக் கெடுதல் வராது என்பதும் உண்மை. நான் நிலவியல் படித்தவன். வேலைக் காலத்தில் பெரும்பகுதி கடற்கரை மணலை உருப்பெருக்கியின் கீழே பரப்பிக் கனிமம் கனிமமாகப் பிரித்து எண்ணுவதில் போனது. பாறை, மணல், பிரிப்பு பற்றிச் சொல்வதைக் கைப்பழக்கத்திலிருந்து சொல்கிறேன். மருத்துவம் என் படிப்பில்லை. அந்த இடம் வரும்போது வெளிவந்த ஆய்வு சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பாறையிலிருந்து தொடங்குவோம். முட்டம் முனையில் நீங்கள் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்ட பாறை, சார்னோக்கைட் என்கிற வகையையும் அதன் கூட்டாளியான, கார்னட் என்னும் சிவப்பு மணிகள் கலந்த, வரிவரியான நைஸ் வகையையும் சேர்ந்தது. சார்னோக்கைட்டுக்கு அந்தப் பெயர் வந்ததே சென்னைப் பக்கத்துக் கல்லால்தான். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக்கு வைத்த கல் பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கல்லின் இனம் என்று கண்ட நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட், 1890களில் அவர் பெயரையே பாறைக்கு வைத்தார். குமரிமாவட்டத்துப் பாறைகள் பூமிக்குள் இருபது கிலோமீட்டருக்கும் கீழே, 700 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் வெந்தவை. அப்போது இலங்கை, மடகாஸ்கர், அண்டார்டிகா எல்லாம் இந்த நிலத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தன. அது நடந்து ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகள். இந்தக் கணக்கை எப்படிப் போட்டார்கள் என்றால், பாறைக்குள் இருக்கும் மோனசைட், சிர்க்கான் என்னும் சிறு மணிகளை எடுத்து, அவற்றில் யுரேனியமும் தோரியமும் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கின்றன என்று அளந்து போட்டார்கள். அதாவது, யாரோ உங்களைப் பயமுறுத்திய அதே கதிரியக்கம்தான் அந்தப் பாறையின் வயதைச் சொல்லும் கடிகாரம்.

அந்த மணிகள் பாறையில் மிகச் சிறிய பங்கு. கல் உடைப்பவர் கண்ணில் படவே படாது. பெரும்பகுதி வெளிர்நிறக் கனிமங்களான குவார்ட்சும் ஃபெல்ட்ஸ்பாரும்தான். அப்புறம் எப்படிக் கரை முழுக்கக் கறுப்பானது? இங்கேதான் மழை வருகிறது. குமரிமாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. மலையோ கடலுக்கு வெகு பக்கம். மகேந்திரகிரி 1,600 மீட்டருக்கு மேல் உயரம், அங்கிருந்து பார்த்தால் கடல் தெரியும். வெயிலும் மழையும் மாறி மாறி அடித்து ஃபெல்ட்ஸ்பாரைக் களிமண்ணாக்கிக் கரைத்துவிடும். கறுப்பு நிறத்து இல்மனைட், அதோடு சிர்க்கான், மோனசைட் போன்றவை கரையாத கெட்டி மணிகள். அவை ஆற்றில் உருண்டு கடலுக்கு வரும். வள்ளியாறு முட்டத்துக்கும் மணவாளக்குறிச்சிக்கும் நடுவே கடியப்பட்டினத்தில் கடலில் விழுகிறது. கிழக்கே மணக்குடியில் பழையாறு, மேற்கே தேங்காய்ப்பட்டினத்தில் குழித்துறை ஆறு. எல்லாமே குட்டை ஆறுகள். மலையில் எடுத்த சரக்கை நடுவழியில் இறக்கிவைக்கப் பெரிய சமவெளி எதுவும் கிடையாது.

அப்புறம் கடலின் வேலை. வீட்டில் அரிசியில் கல் அரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாத்திரத்தில் தண்ணீர் விட்டு, ஒரு சுழற்று சுழற்றி, மேலே மிதந்து வரும் அரிசியை அடுத்த பாத்திரத்தில் சரித்துக்கொண்டே வந்தால் கடைசியில் கல் மட்டும் அடியில் தங்கும். கரையில் நடப்பது அதுவேதான். குவார்ட்ஸ் மணி தண்ணீரைப் போல 2.65 மடங்கு கனம். இல்மனைட்டும் சிர்க்கானும் ஏறக்குறைய 4.7 மடங்கு, மோனசைட் 5 மடங்குக்கும் மேல். அலை ஏறும்போது எல்லாவற்றையும் வாரிக்கொண்டு ஏறும். இறங்கும்போது வேகம் குறைவு. கனமில்லாத வெள்ளை மணல் அதோடு போய்விடும், கனமானது தங்கிவிடும். ஆனி, ஆடியில் கடல் கொந்தளிக்கும் நாட்களில் இந்த வேலை இரவும் பகலும் நடக்கும். ஆடி கழிந்து ஒரு காலையில் அந்தக் கரைக்குப் போய்ப் பாருங்கள்: மேலே ஒரு விரற்கடை தடிமனுக்குக் கன்னங்கரேல் என்று ஒரு படலம், அதற்குக் கீழே வெள்ளை, அதற்கும் கீழே மறுபடி கறுப்பு. கையால் ஒரு சாண் தோண்டினாலே பல தடவை நடந்த கடற்கொந்தளிப்பு அடுக்கடுக்காகத் தெரியும். அலை குவித்த மணலுக்கு நம் பழந்தமிழில் எக்கர் என்று ஒரு தனிச்சொல் உண்டு. அந்தச் சொல்லை உண்டாக்கியவர்கள் இந்த அடுக்குகளை நிச்சயம் பார்த்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும்.

இதில் முட்டம் முனைக்கு என்ன பங்கு? கரையோரமாக மணல் சும்மா இருப்பதில்லை. அலை சாய்வாக அடிப்பதால் அது கரை நெடுக நடந்துகொண்டே இருக்கும், பருவத்துக்குப் பருவம் திசை மாறும். பாறைமுனை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருப்பதால் அந்த நடைக்கு ஒரு தடுப்பு. நம் ஊரில் கரையைக் காக்க அரசு கட்டும் தூண்டில் வளைவு செய்யும் வேலையை இந்த முனை இயற்கையாகவே செய்கிறது. மணல் அதன் பக்கவாட்டு வளைவுகளில் தேங்கும். தேங்கும் இடத்தில் அலை மறுபடி மறுபடி அரிக்கும். முட்டத்துக்கு மேற்கே குளச்சல் வரைக்கும் கறுப்பு இவ்வளவு செறிவாக இருப்பதற்கு வள்ளியாற்றின் வாயும் இந்தப் பாறைமுனையும் பக்கத்தில் பக்கத்தில் அமைந்ததுதான் முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

செம்மண் மேடும் இதே குடும்பம்தான். அதன் ஒவ்வொரு மணியையும் இரும்பு ஆக்சைடு மெல்லிய தோலாகப் போர்த்தியிருக்கிறது. கார்னட்டிலும் இல்மனைட்டிலும் இருக்கும் இரும்புதான் ஈரத்தில் கசிந்து காய்ந்து அப்படிச் சிவந்தது. இது உறுதி. அந்த மேட்டைக் காற்று குவித்ததா, மழைவெள்ளம் இறக்கியதா, இரண்டும் கலந்ததா என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துத் தேரிகளை, அதாவது செம்மணல் மேடுகளைப் பொறுத்தவரை காற்றின் பங்கு பெரியது என்று ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். கடைசிப் பனியுகத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் இப்போதைவிட 120 மீட்டர் அளவுக்குக் கீழே இருந்தது. காய்ந்து கிடந்த கடலடி மணலைக் காற்று அள்ளி உள்ளே போட்டது. அந்தத் தேரிகளில் கற்கால மனிதர் விட்டுப்போன சின்னஞ்சிறு கற்கருவிகளும் கிடைத்திருக்கின்றன. முட்டம் மேட்டில் நீங்களே பார்க்கக்கூடிய ஒன்று உண்டு: நல்ல மழை பெய்து ஓய்ந்ததும் அந்தச் செம்மண் ஓடைகளுக்குள் இறங்கி நடங்கள். தண்ணீர் வடிந்த தடத்தில் பென்சிலால் கோடு போட்டதுபோல மெல்லிய கறுப்புக் கோடுகள் கிடக்கும். செம்மண்ணுக்குள் ஒளிந்திருந்த இல்மனைட்டை மழை அரித்து வைத்துவிட்டுப் போன இடம் அது. பக்கத்தில் எந்த ஆலையும் இல்லை.

சரி, ஆலை எப்படி வந்தது? இதற்கு நம் கல்யாண வீடுகளில் எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கை நினைத்துப் பாருங்கள். அதில் துணிப்பை மாதிரி ஒரு மேண்டில் கட்டுவோம். முதல்முறை கொளுத்தியதும் துணி எரிந்து சாம்பல் கூடாக நிற்கும், அந்தக் கூடுதான் பளீரென்று வெளிச்சம் தரும். அந்தக் கூடு 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு. ஆஸ்திரியாவின் கார்ல் ஆவர் ஃபொன் வெல்ஸ்பாக் 1891-இல் இந்தக் கலவையைக் கண்டுபிடித்தபின் ஐரோப்பிய நகரங்களின் தெருவிளக்குகள் எல்லாம் அதற்கு மாறின. தோரியத்துக்கு மோனசைட் வேண்டும்; அப்போது மோனசைட் பிரேசில் கடற்கரையிலிருந்து வந்தது, வியாபாரம் பெரும்பாலும் ஜெர்மானியர் கையில். 1909-இல் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மன் வேதியியலாளர் அப்போது குமரியும் அடங்கியிருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்து மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டார். இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் அதைப் பார்த்தார் என்று ஒரு கதை எல்லாரும் சொல்வார்கள். ஆண்டும் ஆளும் உறுதியானவை. கயிற்றுக் கதையை வழிவழியாகச் சொல்லிவரும் கதையாக எடுத்துக்கொள்ளுங்கள். நடக்க முடியாத ஒன்றில்லை, தென்னைநார் வேலை முழுக்கக் கடற்கரை மணலில்தானே நடக்கிறது.

அடுத்த ஓரிரு ஆண்டுகளில் மணவாளக்குறிச்சியில் முதல் ஆலை எழுந்தது, பிறகு வடக்கே கொல்லம் பக்கம் சவறாவில் இன்னொன்று. இங்கத்து மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு சுமார் 9 சதவீதம். பிரேசில் சரக்கைவிடக் கூடுதல். 1914-இல் போர் மூண்டதும் தொழில் ஜெர்மன் கையிலிருந்து பிரிட்டிஷ் கைக்குப் போனது. பிறகு மின்விளக்கு வந்து மேண்டில் வியாபாரத்தைச் சாய்த்தது. அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் அதுவரை ஒதுக்கித் தள்ளிய கறுப்பு இல்மனைட்டுக்கு 1920களில் வேறொரு சந்தை பிறந்தது. இல்மனைட்டிலிருந்து எடுக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு சுத்த வெள்ளை நிறமி. பெயிண்டில் அதுவரை கலந்துவந்த நச்சு ஈயத்துக்குப் பதிலாக வந்தது. உங்கள் வீட்டுச் சுவரின் வெள்ளையிலும் பற்பசையின் வெள்ளையிலும் இருப்பது அதுதான். கன்னங்கரிய மணலிலிருந்து உலகத்திலேயே வெண்மையான பொடி வருவதை ஆய்வகத்தில் எத்தனை தடவை பார்த்திருந்தாலும் எனக்கு அலுத்ததில்லை. இரண்டாம் உலகப்போருக்கு முன் உலகம் வாங்கிய இல்மனைட்டில் பெரும்பங்கு திருவிதாங்கூர்க் கரையிலிருந்து போனது.

1945-க்குப் பிறகு தோரியத்துக்கு மறுபடி மதிப்பு வந்தது, இந்தமுறை அணுசக்திக்காக. மோனசைட் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தினார்கள். 1950-இல் மத்திய அரசும் திருவிதாங்கூர்-கொச்சி அரசும் சேர்ந்து இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனத்தைத் தொடங்கின. மோனசைட்டைப் பக்குவம் செய்யும் ஆலுவா ஆலையை 1952 டிசம்பரில் நேரு திறந்துவைத்தார். 1956-இல் மாநில எல்லை பிரிந்தபோது சவறா கேரளத்திலும் மணவாளக்குறிச்சி நம் பக்கத்திலுமாக ஆயின. 1963-இல் நிறுவனம் முழுக்க மத்திய அரசின் அணுசக்தித் துறைக்குக் கீழே வந்து இரண்டு ஆலைகளையும் எடுத்துக்கொண்டது. தோரியத்தை உலையில் வைத்து எரிபொருளாக மாற்றலாம். அப்படிக் கிடைக்கும் யுரேனியம்-233 கொண்டு ஓடும் காமினி என்ற சிறு ஆராய்ச்சி உலை கல்பாக்கத்தில் 1996 முதல் இருக்கிறது. ஆனாலும் பெரிய அளவில் தோரிய மின்சாரம் இன்னும் வரவில்லை. குமரி மணலை எடுத்தால் நாளைக்கே நாடு முழுக்க விளக்கு எரியும் என்று வரும் வாட்ஸப் செய்திகளை அப்படியே நம்ப வேண்டாம்.

ஆலைக்குள் நடப்பது பெரும்பாலும் கடல் செய்ததன் தொடர்ச்சி. முதலில் சுருள் சரிவுகளில் தண்ணீரோடு மணலை விடுவார்கள். கனமானது உள்வளையத்தில், வெள்ளை மணல் வெளிவளையத்தில். பிறகு காயவைத்து, உயர் மின்னழுத்தம் கொடுத்த உருளை மேல் கொட்டுவார்கள். மின்சாரம் கடத்தும் இல்மனைட்டும் ரூட்டைலும் உருளையை விட்டுத் துள்ளி விழும். கடத்தாத சிர்க்கான், மோனசைட், கார்னட், சில்லிமனைட் எல்லாம் உருளையில் ஒட்டிக்கொண்டு போய்ப் பின்னால் விழும். அப்புறம் காந்தம் வைத்து ஒவ்வொன்றாகப் பிரிப்பார்கள். சிர்க்கான் தரை ஓட்டின் பளபளப்புப் பூச்சுக்கு, கார்னட் உப்புத்தாளுக்கு, ரூட்டைல் வெல்டிங் கம்பியின் மேல்பூச்சுக்கு, சில்லிமனைட் உலைச் செங்கலுக்கு. மிஞ்சும் வெள்ளை மணலைத் தோண்டிய குழியிலேயே நிரப்புவார்கள். ஆகவே ஆலை வெளியே விடுவது வெள்ளை. கரையில் நீங்கள் பார்த்த கறுப்பு, ஆலைக்கு இன்னும் போகாத மணல்.

இனி கதிரியக்கம். அது மோனசைட்டில் இருக்கும் தோரியத்தாலும் அதன் வழித்தோன்றல்களாலும் வருகிறது. உலகத்தில் ஒரு மனிதர் இயற்கையிலிருந்து பெறும் அளவு சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் (உடம்பில் ஏறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). இந்தக் கரையோர ஊர்களில் வாழ்பவர்களுக்கு அதைப்போலச் சில மடங்கு. சில வீடுகளில் இன்னும் கூடுதல். சவறாவை உள்ளடக்கிய கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைப் பத்து ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வு, இந்த இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்றது. இதில் ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். கூடியதாகத் தெரியவில்லை என்பதும் துளிகூடக் கெடுதல் இல்லை என்பதும் ஒன்றல்ல. சிறிய அளவு பாதிப்பைக் கண்டுபிடிக்க அத்தனை பேரும் அத்தனை ஆண்டும்கூடப் போதாமல் இருக்கலாம். அது கேரளக் கரையில் நடந்த ஆய்வு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக அங்கே வாழும் மீனவக் குடும்பங்கள் தங்கள் ஊரில் புற்றுநோய் கூடுதல் என்று சொல்லும்போது, கருநாகப்பள்ளி ஆய்வைக் காட்டி அவர்கள் வாயை அடைப்பது சரியில்லை. காய்ந்த மணல் தூசியைச் சுவாசிப்பதும் கரையில் நடப்பதும் வேறு வேறு. ஆலைக்குள் உலர்பிரிப்பில் வேலை செய்பவர்களுக்கு அந்தக் கவலை உண்மையானது.

நீங்கள் இருந்தது இரண்டு மணி நேரம். அந்தக் கரையில் பெரும்பாலான இடங்களில் ஒரு மணி நேரத்தில் உடம்பில் ஏறுவது, உயரப் பறக்கும் விமானத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஏறும் அளவுக்குள்தான் இருக்கும். அதாவது சில மைக்ரோசீவர்ட். மில்லிசீவர்ட்டில் ஆயிரத்தில் சில பங்கு. கால் கழுவிவிட்டு வந்தால் போதும்.

மணல் எடுப்பதால் கரை அரிக்கிறதா என்றும் போகிறபோக்கில் கேட்டிருந்தீர்கள். கரையில் எடுத்தால் கரை தாழும், தாழ்ந்த கரையில் அலை உள்ளே வரும். இதில் ஐயம் இல்லை. மறு பருவத்தில் கடல் எவ்வளவு திருப்பிப் போடுகிறது, மொத்த அரிப்பில் மணல் எடுப்பின் பங்கு எவ்வளவு, துறைமுகச் சுவர்களின் பங்கு எவ்வளவு, 1906 முதல் மணலை மலையடியிலேயே தடுத்து நிற்கும் பேச்சிப்பாறை அணையின் பங்கு எவ்வளவு என்பதைத் தனித்தனியாகப் பிரித்துச் சொல்வது கடினம். ஆலைத் தரப்பும் எதிர்ப்பவர்களும் ஆளுக்கொரு காரணத்தை மட்டும் சொல்கிறார்கள். 2004 சுனாமியில் குளச்சலும் மணக்குடியும் பட்ட பாட்டைப் பார்த்த மக்கள் கரையின் உயரத்தைப் பற்றிக் கவலைப்படுவதில் எனக்கு வியப்பில்லை. 2013-இல் தமிழக அரசு தனியார் தாது மணல் எடுப்பை நிறுத்தியது. அண்மையில் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டம் வந்தபோது கடலோர ஊர்கள் திரண்டு எதிர்த்தன. கருத்து கேட்டால் சொல்வேன்: ஒதுங்கும் மணலை ஓரளவு எடுப்பது ஒன்று, குடியிருப்புக்கு நடுவே ஆழத் தோண்டுவது வேறொன்று. இரண்டாவதற்கு ஊரின் சம்மதம் இல்லாமல் இறங்கக் கூடாது.

கடைசியாக உங்கள் மகளின் பாட்டில். அது அலமாரியில் இருப்பதால் ஆபத்து இல்லை. ஆனால் மோனசைட் அணுசக்திச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் இருக்கும் பொருள், காய்ந்த மணல் கொட்டினால் தூசி பறக்கும்; அதனால் அடுத்தமுறை அந்தப் பக்கம் போகும்போது கரையிலேயே கொட்டிவிடுங்கள். அதற்கு முன் ஒரு காரியம் செய்யலாம். பழைய கம்ப்யூட்டர் ஹார்டு டிஸ்க் கழற்றினால் உள்ளே ஒரு வலுவான காந்தம் கிடைக்கும். சாதாரண காந்தத்துக்கு இல்மனைட் சரியாக வராது. காந்தத்தைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றிக்கொள்ளுங்கள். வெள்ளைத் தட்டில் ஒரு தேக்கரண்டி மணலை லேசாக ஈரமாக்கிப் பரப்பி, மேலே மெதுவாக நகர்த்துங்கள். கறுப்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்ததுபோல எழுந்து ஒட்டிக்கொள்ளும், கவரை உருவினால் உதிர்ந்துவிடும். தட்டில் மிஞ்சியதை லென்ஸ் வைத்து மகளிடம் காட்டுங்கள். மாதுளை முத்து நிறத்தில் இருப்பது கார்னட், கண்ணாடித் துணுக்குபோல மின்னுவது சிர்க்கான், கூர் மழுங்கி உருண்டு தேன் நிறத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருப்பது மோனசைட். விளையாடி முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள்.